எங்கோ மழை பொய்த்தால் தெம்பனிஸ் வீட்டு இட்லிக்கு என்ன ஆகும்?

சனிக்கிழமை காலை. தெம்பனிஸில் ஒரு வீவக வீடு. மேசையில் இட்லி, தக்காளிச் சட்னி. மதியத்துக்குக் கீரையும் மீனும் வாங்கியாச்சு.

இவற்றில் எத்தனை சிங்கப்பூரில் விளைந்தவை? பெரும்பாலும் எதுவும் இல்லை. நாம் சாப்பிடும் உணவில் 90 விழுக்காட்டுக்கும் அதிகம் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அதனால் நம் சமையலறையை அதிகம் பாதிப்பது தெம்பனிஸில் பெய்யும் மழை இல்லை. தஞ்சாவூரிலும் கேமரன் மலையிலும் பெய்யும் மழைதான்!

அது எப்படி?

அரிசி: 2023இல் என்ன நடந்தது?

2023 ஜூலை 20ஆம் தேதி, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியை ஏற்றுமதி செய்ய இந்தியா தடை விதித்தது. உள்நாட்டில் விலை ஏறியதே காரணம். அந்த ஆண்டு பருவமழை சீராக இல்லை. வட மாநிலங்கள் சிலவற்றில் வெள்ளம். எல் நினோவும் சேர்ந்துகொண்டது.

எல் நினோ என்றால்? பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியிலும் கிழக்குப் பகுதியிலும் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாவது. அப்போது இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை குறையும் வாய்ப்பு அதிகம். 1901க்குப் பிறகு இந்தியா கண்ட ஆக வறண்ட ஆகஸ்ட், 2023இல் பதிவானது. காவிரிப் படுகையிலும் தண்ணீர் போதாமல் குறுவைப் பயிர் பல இடங்களில் கருகியது.

அப்போ இட்லி அரிசி? புழுங்கல் அரிசிக்குத் தடை இல்லை. ஆனால் 2023 ஆகஸ்ட்டில் அதற்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி வந்தது.

2022இல் சிங்கப்பூர் இறக்குமதி செய்த அரிசியில் சுமார் 40 விழுக்காடு இந்தியாவிலிருந்து வந்தது. அதனால்தான் அந்தத் தடை இங்கே பெரிய செய்தியானது. பிறகு சிங்கப்பூருக்கு 50,000 டன் அரிசி அனுப்ப இந்தியா சிறப்பு அனுமதி கொடுத்தது. தடை 2024 செப்டம்பரில் நீங்கியது.

கீரை விலை மட்டும் ஏன் சட்டென்று ஏறுகிறது?

அரிசியை மாதக்கணக்கில் சேமிக்கலாம். கீரையை முடியாது. அதுதான் வித்தியாசம்.

நமக்குக் காய்கறி அனுப்பும் நாடுகளில் மலேசியா முக்கியமானது. ஆண்டு இறுதியில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது தோட்டங்களில் தண்ணீர் தேங்கும். வேர் அழுகும். அறுவடை தள்ளிப்போகும். மலைப்பாதையில் மண்சரிவு வந்தால் லாரியும் தாமதமாகும். சில நாளிலேயே தேக்கா சந்தையிலும் தெம்பனிஸ் ஈரச்சந்தையிலும் விலை ஏறிவிடும். மழை விட்டதும், அடுத்த விளைச்சல் வந்தால் இறங்கிவிடும்.

நம் பக்கத்திலும் பாதிப்பு உண்டா?

உண்டு. தெம்பனிஸுக்குப் பக்கத்தில் இருப்பது பாசிர் ரிஸ். அதன் எதிரே, ஜொகூர் நீரிணையில் மிதவை மீன் பண்ணைகள் இருக்கின்றன. 2015 தொடக்கத்தில் அந்தப் பகுதியில் நுண்பாசி அளவுக்கு மீறிப் பெருகியது. 500 டன்னுக்கும் அதிகமான மீன்கள் செத்தன. பல ஆண்டு உழைப்பைச் சில நாளில் இழந்தார்கள் மீன் வளர்ப்பவர்கள்.

எல்லாவற்றையும் இங்கேயே விளைவித்தால் என்ன?

இடம் இல்லை. சிங்கப்பூரின் நிலப்பரப்பில் 1 விழுக்காட்டுக்கும் குறைவுதான் விவசாயத்துக்கு. உள்ளரங்குப் பண்ணைகளுக்கு வெயில், மழை கவலை குறைவு; ஆனால் மின்சாரச் செலவு அதிகம்.

2030க்குள் நம் உணவுத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே உற்பத்தி செய்வது முன்பு இருந்த இலக்கு. 2025 நவம்பரில் அது மாற்றப்பட்டது. புதிய இலக்கு 2035க்கு: காய்கறி, காளான் போன்ற நார்ச்சத்து உணவில் 20 விழுக்காடு; முட்டை, கடலுணவு போன்ற புரத உணவில் 30 விழுக்காடு. முட்டையில் ஏற்கெனவே முன்னேற்றம் தெரிகிறது. நாம் சாப்பிடும் முட்டைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு உள்ளூர்ப் பண்ணைகளிலிருந்து வருகிறது.

மற்ற உணவுக்கு? 180க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்தும் வட்டாரங்களிலிருந்தும் வாங்குகிறோம். ஓரிடத்தில் மழை பொய்த்தால் இன்னோரிடம் கைகொடுக்கும். அரிசி இறக்குமதியாளர்கள் கையிருப்பும் வைத்திருக்க வேண்டும். வெள்ளை அரிசி, பாஸ்மதி, புழுங்கல் அரிசியோடு நம்ம பொன்னியும் அந்தத் திட்டத்தில் அடங்கும்.

இனி என்ன ஆகும்?

2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் 37 டிகிரி செல்சியஸ் பதிவானது. 40 ஆண்டில் அதுவே இங்கு ஆக அதிக வெப்பம். இந்நூற்றாண்டின் இறுதிக்குள் சராசரி வெப்பநிலை 0.6 முதல் 5 டிகிரி வரை கூடலாம் என்கிறது சிங்கப்பூரின் மூன்றாவது தேசியப் பருவநிலை மாற்ற ஆய்வு.

நமக்கு அது வியர்வை, குளிர்சாதனக் கட்டணம். நெல்லுக்கு அதைவிடப் பெரிய சிக்கல். பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெடும். கதிரில் பதர்தான் மிஞ்சும்.

நாம் என்ன செய்யலாம்?

• விலை ஏறும் என்று கேள்விப்பட்டால் அரிசியை மூட்டை மூட்டையாக வாங்கிக் குவிக்காதீர்கள். அடுத்தவருக்குக் கிடைக்காது. வீட்டில் வண்டும் வந்துவிடும்.

• ஒரு கீரை விலை ஏறினால் இன்னொன்றைச் சமைத்துப் பாருங்கள். உறைந்த காய்கறியும் மீனும் கைகொடுக்கும்.

• உள்ளூர் முட்டையோ கீரையோ கண்ணில் பட்டால் வாங்கிப் பாருங்கள். வாங்க ஆள் இருந்தால்தான் பண்ணைகள் நிலைக்கும்.

• சமைத்ததை வீணாக்காதீர்கள். அந்தச் சோற்றுக்குப் பின்னால், மழைக்காக வானத்தைப் பார்த்து நின்ற ஒரு விவசாயி இருக்கிறார்.