ரயில் நேரத்துக்கு வந்தது, சரி. அப்புறம்?

தில்லியில் தமிழர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு ஒரு கட்டத்தில் இங்கே வந்து நிற்கும்: "எமர்ஜென்சி மாதிரி ஒண்ணு வந்தாத்தான் சார் இந்த நாடு உருப்படும். அப்ப ரயிலெல்லாம் கரெக்ட் டயத்துக்கு ஓடுச்சு. ஆபீஸ்ல ஆளு சீட்ல இருந்தான். விலைவாசி இறங்கிச்சு." சொல்பவர் ஆர்.கே.புரத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டிய பெரியவராக இருக்கலாம்; குர்காவ்னில் வேலை பார்க்கும் இருபத்தைந்து வயதுப் பையனாகவும் இருக்கலாம். பையன் அப்போது பிறக்கவே இல்லை என்பது வேறு விஷயம் :-)

இதைக் கேட்டதும் கோபப்பட்டுப் பயனில்லை. வரவு, செலவு இரண்டையும் எழுதிப் பார்த்துவிடலாம்.

முதலில் வரவு. விலைவாசி இறங்கியது உண்மை. 1974 செப்டம்பரில் பணவீக்கம் 30 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. 1975-76ல் மொத்த விலைகள் சற்றுக் குறையவே செய்தன. அந்த வருடம் பொருளாதாரம் 9 சதவீதம் வளர்ந்தது. அன்றைய இந்தியாவுக்கு இது பெரிய எண்.

ஆனால் காரணம் என்ன? சம்பள உயர்வையும் பஞ்சப்படி உயர்வில் பாதியையும் கட்டாய வைப்பில் போடும் சட்டம் முதலான கெடுபிடிகள் 1974 ஜூலையிலேயே வந்துவிட்டன. அதாவது அவசரநிலைக்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே. அடுத்து 1975ல் பருவமழை நன்றாகப் பெய்தது. 10 கோடி டன்னாக இருந்த உணவு தானிய உற்பத்தி 12 கோடி டன்னுக்கு ஏறியது. மழைக்கு மிசா சட்டமெல்லாம் தெரியாது. அடுத்த வருடம், 1976-77ல், உணவு உற்பத்தி குறைந்தது. வளர்ச்சி 2 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. விலைகள் மறுபடி ஏறின. அந்த வருடம் ஏறக்குறைய முழுக்கவே அவசரநிலைதான் அமலில் இருந்தது! முதல் வருடப் பெருமை அவசரநிலைக்கு என்றால், இரண்டாம் வருடத்தை யார் தலையில் கட்டுவது?

வேலைநிறுத்தங்கள் குறைந்ததும் உண்மை. தொழிற்சங்கத் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தார்கள். குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக வெட்டப்பட்டது. ஆக, அந்த ஒழுங்குக்கான பில்லைக் கட்டியவர் தொழிலாளி.

இனி செலவு. ஷா கமிஷன் கணக்குப்படி நாடு முழுக்க ஒரு லட்சம் பேருக்கு மேல் விசாரணையின்றியோ பாதுகாப்புச் சட்டங்களின் கீழோ உள்ளே போனார்கள். தில்லியில் மட்டும் இடிக்கப்பட்ட கட்டுமானங்கள் சுமார் ஒன்றரை லட்சம். 1976 ஏப்ரல் 19 அன்று பழைய தில்லியின் துர்க்மான் கேட்டில் இடிப்பை எதிர்த்தவர்கள்மீது போலீஸ் சுட்டது. செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. இடிபட்டவர்களை யமுனைக்கு அந்தப் பக்கம் திரிலோக்புரி, நந்த் நகரி என்று கொண்டுபோய் விட்டார்கள். மானுடவியலாளர் எம்மா டார்லோ, வெல்கம் காலனி மக்களிடமும் அங்குள்ள கோப்புகளிலும் விசாரித்து 2003ல் ஒரு புத்தகம் எழுதினார். மனைக்குக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ் கேட்கப்பட்டதும், காசு உள்ளவர்கள் தங்களுக்குப் பதிலாக இன்னொரு ஏழையை ஆபரேஷனுக்கு அனுப்பியதும் அதில் இருக்கின்றன. 1976-77ல் நாடு முழுக்க நடந்த கருத்தடை அறுவை சிகிச்சைகள் 80 லட்சத்துக்கும் மேல். ஷா கமிஷன் பதிவு செய்த சாவுகள் 1,774.

துர்க்மான் கேட் துப்பாக்கிச்சூட்டுக்கு ஒன்பது நாள் கழித்து, அதே தில்லியில், உச்ச நீதிமன்றம் 4-1 என்று தீர்ப்பளித்தது: சட்டவிரோதமாகவே பிடித்து வைத்திருந்தாலும் நீதிமன்றத்தை அணுக உரிமை இல்லை. எதிர்த்து எழுதிய ஒரே நீதிபதி எச்.ஆர்.கன்னா. அதனால் தலைமை நீதிபதி பதவி அவர் கைக்கு வராமல் போனது. அந்தத் தீர்ப்பை நீதிமன்றமே முறைப்படி தூக்கி எறிந்தது 2017ல்.

நம் ஊரிலும் செலவு உண்டு. 1976 ஜனவரி 31ல் திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. சென்னை மத்திய சிறையில் அடிபட்ட சிட்டிபாபு 1977ல் இறந்துபோனார். ஆனாலும் கட்டாயக் கருத்தடையின் கொடுமை வடக்கே விழுந்த அளவுக்கு நம்மிடம் விழவில்லை. 1977 தேர்தலில் தமிழகத்தின் 39 இடங்களில் 34ஐ அதிமுக-காங்கிரஸ் அணி அள்ளியது. தில்லியின் 7 இடங்களிலும் காங்கிரஸ் தோற்றது. அதே அவசரநிலை, அதே தேர்தல். "அப்ப நல்லாத்தான் இருந்துச்சு" என்று நம் பெரியவர்கள் சொல்வதில் பொய் இல்லை. அவர்கள் நின்ற இடத்திலிருந்து அப்படித்தான் தெரிந்தது.

தெரியாமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1975 ஜூன் 25 இரவு பத்திரிகை அலுவலகங்கள் வரிசையாக இருந்த பகதூர் ஷா ஜஃபர் மார்க்கில் மின்சாரத்தை வெட்டினார்கள். பிறகு தணிக்கை. துர்க்மான் கேட் செய்தி மயிலாப்பூருக்கு எப்படி வரும்? பஞ்சத்தைத் தடுப்பதில் சுதந்திரமான பத்திரிகைகளுக்கும் எதிர்க்கட்சிகளுக்கும் பங்கு உண்டு என்று அமர்த்யா சென் சொன்னதை இங்கே பொருத்திப் பார்க்கலாம். தப்பு நடப்பதை மேலே சொல்ல ஆளில்லை என்றால் தப்பு வளர்ந்துகொண்டே போகும்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சுதந்திரம் இருந்தால் மட்டும் சோறு வந்துவிடாது. சீனாவின் 1958-61 பஞ்சம் போன்ற ஒன்று சுதந்திர இந்தியாவில் வரவில்லை என்று சொன்ன அதே சென்னும் ஜான் த்ரேஸும் 1989ல் இன்னொன்றையும் எழுதினார்கள்: இந்தியாவின் அன்றாடப் பசியும் நோயும் எட்டு வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பஞ்சத்தைவிட அதிகம் பேரைக் கொல்கின்றன. தேர்தல் நடத்தும் நாடு என்று மார்தட்டுபவர்கள் இதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரும் தென்கொரியாவும் கெடுபிடி ஆட்சியில் வளர்ந்தன என்பதையும் மறுக்க முடியாது.

ஆனால் நம் 21 மாதப் பரிசோதனையில் அப்படி ஒரு பேரம்கூட நடக்கவில்லை. உரிமையைக் கொடுத்தோம், பதிலுக்கு வந்த வளர்ச்சி பெரும்பாலும் மழையின் கணக்கு. அடுத்த முறை யாராவது "ரயில் நேரத்துக்கு ஓடுச்சு சார்" என்று ஆரம்பித்தால், அந்த ரயிலுக்கான டிக்கெட்டை யார் வாங்கினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அன்றைக்கு எந்த ஊரில், எந்த வேலையில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பதில் அதைப் பொறுத்து மாறும்.