தங்கவயலும் பத்தாம் சீலமும்

கோலார் தங்கவயலில் மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப், பாலகாட் முதலிய இடங்களின் பெயரைக் கேட்டதும் ஆழ்ந்த சுரங்கங்களே நம் நினைவுக்கு வருகின்றன. 1880களில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே தொழில் நடத்தத் தொடங்கியபின், பிழைப்பை நாடி வட ஆர்க்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து தமிழ் மக்கள் திரளாகக் குடியேறினர். 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயினும் அம்மக்கள் போற்றி வளர்த்த பௌத்த நெறியின் வரலாறு நாம் மறக்கத் தகாதது.

அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றார்; சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். தங்கவயலிலும் அதன் கிளை தழைத்தது. 1914இல் பண்டிதர் மறைந்தார். அவர் நடத்திய ‘தமிழன்’ இதழை 1926 முதல் தங்கவயலிலிருந்து வெளியிட்டவர் ஜி. அப்பாதுரையார். தீண்டாமையின் கொடுமையை அனுபவித்த தொழிலாளர் இந்நெறியை நாடியது ஏன்? புத்த பிக்குகளின் அன்றாட வாழ்க்கையே விடை கூறும்.

பிக்குகள் வைகறையில் எழுவர், விகாரையைப் பெருக்குவர், பாத்திரம் ஏந்தி வீடுதோறும் மௌனமாய் நிற்பர். நண்பகலுக்குமுன் உண்டு முடித்து, பின்னர்ப் பாடத்திலும் தியானத்திலும் ஈடுபடுவர். இருபது வயது நிரம்பாத இளந்துறவிக்குச் சாமணேரர் என்பது பெயர். இராகுலன் துறவு பூண்டபோது பாட்டனார் சுத்தோதனர் மனம் வருந்தி வேண்டினார். அதுமுதல் பெற்றோர் இசைவின்றிச் சிறுவரைச் சேர்த்தல் விலக்கப்பட்டது. சாமணேரர் ஆசிரியருக்குப் பல்குச்சியும் நீரும் கொணர்வார். மாணவர் நோயுற்றால் ஆசிரியரே அப்பணிவிடைகளைச் செய்தல் வேண்டும்.

சங்கத்தில் மூப்பு, துறவேற்ற நாளைக் கொண்டே கணக்கிடப்படும்; பிறப்பைக் கொண்டு அன்று. நாவிதராயிருந்த உபாலிக்கு முதலில் துறவு அளிக்குமாறு சாக்கிய இளவரசர்களே வேண்டினர். தம் செருக்கு அடங்க, தாம் அவரை வணங்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. அவ்வுபாலியே பின்னர் முதற் சங்கத்தில் விநய விதிகளை எடுத்தோதினார். அவ்விதிகளைச் சோழநாட்டுப் பூதமங்கலத்தில் இருந்து பாலி மொழியில் செய்யுளாக்கியவர் புத்ததத்த தேரர் என்பது நமக்குப் பெருமை தருவது.

சாமணேரர் ஏற்கும் பத்தாம் சீலம், பொன்னும் வெள்ளியும் ஏலாமை. பகலெல்லாம் பிறருக்காகப் பொன் அகழ்ந்த மக்கள், மாலையில் அமர்ந்து இந்நெறியைப் பயின்றனர். பொன்னும் பிறப்பும் மனிதனின் மதிப்பை அளக்கும் கோல் அல்ல என்ற தெளிவே அவர்கள் தேடி அடைந்த செல்வம். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கும் அது உரியதே.