மஜ்ஜைக்குக் காத்திருந்தவர்கள்

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் ஆண்டோவர் என்ற சிற்றூர். 1845-இல் அங்கிருந்த 'ஒர்க்ஹவுஸ்' என்னும் ஏழைகள் விடுதியில் ஆண்களுக்குக் கொடுத்த வேலை, எலும்பு உடைப்பது. குதிரை எலும்பும் மாட்டு எலும்பும் வண்டி வண்டியாக வந்திறங்கும். கனத்த இரும்பு உலக்கையால் அவற்றை இடித்துத் தூளாக்க வேண்டும்; தூள் வயலுக்கு உரமாகப் போகும். கிட்டே நிற்க முடியாத நாற்றம். சிதறும் சில்லுகள் முகத்தைக் கிழிக்கும். ஆனாலும் புது எலும்பு எப்போது வரும் என்று அந்த ஆட்கள் காத்துக்கிடந்தார்கள். ஒட்டியிருந்த சதையையும் உள்ளிருந்த மஜ்ஜையையும் சுரண்டித் தின்றார்கள். கெட்டுப்போனதைக்கூட விடவில்லை. நல்ல துண்டு சிக்கினால் பக்கத்து ஆள் பார்க்காமல் ஒளித்துவைத்தார்கள்.

விடுதிக் கண்காணிப்பாளர் மக்டூகல், வாட்டர்லூ போரில் நின்ற பழைய ராணுவக்காரர். குடிகாரர், பெண்களிடம் தகாதபடி நடந்தவர், ஏழைகளின் ரேஷனிலும் கைவைத்தவர் என்று விசாரணையில் சாட்சிகள் சொன்னார்கள். பழியை அவர் தலையில் கட்டிவிட்டு நகர்வது சுலபம். ஆனால் பட்டினி அவரோடு தொடங்கவில்லை. 1834-ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டத்தை வகுத்தவர்கள் ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள்: வெளியே ஆகக் குறைந்த கூலி வாங்குகிறவனின் பிழைப்பைவிட விடுதிப் பிழைப்பு மோசமாக இருக்க வேண்டும்; அப்போதுதான் சோம்பேறிகள் வந்து சேர மாட்டார்கள். புருஷனையும் பெண்டாட்டியையும் தனித்தனிப் பகுதிகளில் அடைத்தார்கள். வெளியே பண்ணைக் கூலிக்காரனே அரைவயிறுதான். அதற்கும் கீழே போவதென்றால் எங்கே போவது?

நிர்வாகக் குழுவில் இருந்த ஹியூ மண்டி என்ற விவசாயிக்கு இது பொறுக்கவில்லை. சக உறுப்பினர்கள் அசைந்து கொடுக்காததால், விஷயம் தாமஸ் வேக்லியிடம் போனது. 'லான்செட்' மருத்துவ இதழைத் தொடங்கிய அதே வேக்லிதான். அப்போது நாடாளுமன்ற உறுப்பினர். ஆகஸ்ட் 1 அன்று அவர் சபையில் கேள்வி எழுப்பினார். உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் கிரகாமுக்கு நம்ப முடியவில்லை, விசாரிக்கச் சொன்னார். ஏழைகள் சட்டத்தை நடத்திவந்த ஆணையத்தின் உதவி ஆணையர் ஹென்றி பார்க்கர் ஆண்டோவருக்குப் போய் விசாரித்தார். குற்றச்சாட்டு உண்மைதான். 'தி டைம்ஸ்' பத்திரிகை விடாமல் எழுதியது.

மக்டூகல் வேலையை விட்டுப் போனார். விசாரிக்கப் போன பார்க்கரையும் மேலதிகாரிகள் ராஜினாமா செய்யவைத்தார்கள். தங்கள் மீது வந்த கோபத்துக்கு ஓர் ஆள் வேண்டியிருந்ததே! அது பலிக்கவில்லை. 1846-இல் நாடாளுமன்றக் குழு அந்த மேலதிகாரிகளையே கண்டித்தது. மறுவருடம் ஆணையம் கலைக்கப்பட்டு, அதன் இடத்தில் வேறொரு வாரியம் வந்தது. விடுதிகளில் எலும்பு உடைக்கும் வேலைக்கும் தடை விழுந்தது. 1834 சட்டம் மட்டும் அப்படியே நீடித்தது.

(தொடரும்)