அரசன் மறைந்த மலைநாடு



கண்டிமாநகருக்குச் செல்வோர் தலதா மாளிகையைத் தரிசித்து, ஏரிக்கரையைச் சுற்றி வந்து, பேராதனைப் பூந்தோட்டத்திற் சிறிது பொழுது போக்கி, மாலைப் புகைவண்டியில் ஊர் திரும்பிவிடுவது வழக்கம். அரசர் இருந்து ஆண்ட இடத்தைக் கண்டுவிட்டோம் என்ற மனநிறைவும் அவர்களுக்கு உண்டாகும். ஆயின், கண்டி மன்னருள் மிக நெடுங்காலம் ஆண்டவனாகிய இரண்டாம் இராசசிங்கன் தன் ஆட்சியின் பிற்பகுதியை அந்நகரிற் கழிக்கவில்லை என்பதை அவருட் பலர் அறியார். 1635 முதல் 1687 வரை ஐம்பத்திரண்டு ஆண்டுகள் முடிதரித்திருந்த அம்மன்னன், தலைநகரைப் புறத்தே விட்டுவிட்டு, ஹேவாஹெட்ட மலைநாட்டிற் புகுந்து அங்கேயே அரசிருந்தான். ஏன் அவ்வாறு செய்தான்? அதற்குரிய விடையை ஏடுகளில் மாத்திரம் தேடினாற் போதாது. அந்நாட்டு மலைகளையும் ஒருமுறை கண்ணாற் காணல் வேண்டும்.

கண்டியிலிருந்து தலாத்துஓயா, மாரஸ்ஸன ஆகிய ஊர்களின் வழியாக ஹங்குராங்கெத்தவுக்குப் பேருந்து செல்கின்றது. நகரின் ஆரவாரம் அடங்கியதும் பாதை வளையத் தொடங்குகின்றது. ஒரு வளைவு முடியுமுன் மற்றொன்று தோன்றும்; இடப்புறம் இருந்த பள்ளத்தாக்கு வலப்புறம் வந்துவிடும். கீழே படிப்படியாக இறங்கும் வயல்கள். அவற்றின் வரம்போரத்திற் கமுகுகள். வீடுகளைச் சூழப் பலாவும், மிளகுக்கொடி படர்ந்த மரங்களும். சிற்றோடைகள் பாறையிடுக்கிலிருந்து வெளிப்பட்டுப் பாதையின் அடியிற் புகுந்து மறைகின்றன. முதன்முறை செல்வோனுக்குத் தான் எத்திசை நோக்கிப் போகின்றான் என்பதே அரைமணி நேரத்துக்குள் மறந்துபோம். எனக்கும் அவ்வாறே நேர்ந்தது. கண்டி எப்பக்கம் இருக்கின்றது என்று பக்கத்திலிருந்தவரை வினவியபோது, நான் எண்ணிய திசைக்கு நேர் எதிரே அவர் கையை நீட்டினார்.

பழைய கண்டியிராச்சியத்தில் தலைநகரைச் சூழ்ந்திருந்த நாடுகளுள் ஹேவாஹெட்டவும் ஒன்று. 'ஹேவா' என்னும் சிங்களச் சொல் போர்வீரனைக் குறிக்கும். 'ஹெட்ட' என்பது அறுபது. அறுபது வீரர் நாடு என்று இதற்குப் பொருள் கூறுவர். இன்று பாத்த ஹேவாஹெட்ட என்னும் கீழ்ப்பகுதி கண்டி மாவட்டத்தையும், ஹங்குராங்கெத்தவை உள்ளிட்ட மேற்பகுதி நுவரெலியா மாவட்டத்தையும் சேர்ந்திருக்கின்றன. நாட்டின் வட எல்லையில் மகாவலி கங்கை வளைந்தோடித் தும்பறையினின்று அதனைப் பிரிக்கின்றது. அப்பள்ளத்தாக்கில் 1985 ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற விக்டோரியா அணையின் நீர்ப்பரப்பு இன்று பரந்து கிடக்கின்றது. முன்னாளில் ஆழ்ந்த ஆற்றுப்பள்ளமாய் இருந்த இடத்தில் மலைகள் தம் நிழலைத் தாமே நோக்கி நிற்கும் காட்சியை உயரமான வளைவுகளிலிருந்து காணலாம்.

ஹங்குராங்கெத்தவுக்குப் பழைய பெயர் தியதிலக நுவர. நீருக்குத் திலகமிட்டாற் போன்ற நகர் என்று அப்பெயரை விரித்துரைக்கலாம். இவ்வளவு அழகிய பெயர் பூண்ட ஊரைப் பற்றி அக்காலத்தில் எழுதிவைத்த ஓர் அந்நியன் கூறிய கருத்தோ நம்மைத் திடுக்கிடச் செய்யும். ரொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயன் 1660 ஆம் ஆண்டு திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவிற் பிடிபட்டு, பத்தொன்பது ஆண்டுகள் கண்டி நாட்டிற் சிறையிருந்து, 1679 இல் அரிப்புக் கோட்டைக்குத் தப்பிச் சென்றவன். 1681 இல் அவன் இலண்டனில் வெளியிட்ட நூல் அந்நாளைய மலைநாட்டு வாழ்வுக்குத் தலையாய சான்று. இலங்கைத் தீவு முழுவதும் தேடினாலும் இதனினும் இழிந்த ஓரிடம் அகப்படுதல் அரிது என்ற பொருள்பட அவன் இவ்வூரைப் பற்றி எழுதுகின்றான். பாறையும் மலையுமே, நிலமோ வளமற்றது, அரசன் இதனைத் தேர்ந்ததற்குக் காரணம் பின்னே நின்ற பெருமலைதான் என்கின்றான். அம்மலையின் பெயர் கலஉட. அதன் உச்சியில் மூன்று ஊர்களும் விளைநிலங்களும் இருந்தன. சுற்றிலும் செங்குத்தான பாறையும் அடர்ந்த காடும். சிலர் நின்று ஒரு பெருஞ்சேனையைத் தடுத்தற்கேற்ற இடம். நாம் இன்று அழகு என்று போற்றும் அதே பாறையையும் காட்டையுந்தான் நொக்ஸ் குறையாகக் கண்டான். அரசனோ அதனையே அரணாகக் கொண்டான்.

இராசசிங்கனைக் கோழை என்று எண்ணிவிடலாகாது. 1638 மார்ச் 28 ஆம் நாள் கன்னொறுவையிற் பறங்கியர் சேனையை முற்றாக முறியடித்தவன் அவன். ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்து, 1658 இற் போர்த்துக்கேயரை இத்தீவினின்று அகற்றியவனும் அவனே. ஆனால், ஒல்லாந்தர் தாம் பிடித்த கடற்கரை நாடுகளை அவனுக்குத் திருப்பிக் கொடுத்திலர். துணைக்கு அழைத்தவரே பகைவராயினர். வெளியே அவ்வாறிருக்க, வீட்டுக்குள்ளும் தீ மூண்டது.

1664 ஆம் ஆண்டு திசம்பர் 21 ஆம் நாள் நள்ளிரவில் நிகழ்ந்ததை நொக்ஸ் விரிவாக எழுதியிருக்கின்றான். அப்போது மன்னன் நிலம்பை அரண்மனையில் இருந்தான். அம்பன்வெல ராளை முதலியோர் தலைமையிற் கிளர்ச்சிக்காரர் அரண்மனையைச் சூழ்ந்துகொண்டனர். மன்னனோடு நின்றவர் ஏறக்குறைய ஐம்பதின்மரே. அவன் யானைகளை முன்னே செலுத்திக் காட்டை முறித்து வழி செய்வித்து, இரவோடிரவாகத் தப்பிக் கலஉட மலையேறினான். கிளர்ச்சிக்காரரோ இளவரசனை அரசனாகப் பறைசாற்றினர். அந்தோ! அந்த இளம்பிள்ளை அரசு வேண்டும் என்று எவரையும் கேட்டவனல்லன். திசம்பர் 25 ஆம் நாள், அரசனுடைய உடன்பிறந்தாளாகிய அவன் அத்தை, அவனை அழைத்துக்கொண்டு அரசனிடமே ஓடிச் சேர்ந்தாள். முடிசூட்டுதற்கு ஆளில்லாமற் போகவே கிளர்ச்சிக் கூட்டம் தன்னுள்ளே கலகப்பட்டு அழிந்தது. ஐந்தே நாட்களில் எல்லாம் முடிந்தது. இளவரசனின் முடிவுதான் மனத்தை வருத்துவது: தந்தை மகனுக்கு நஞ்சூட்டினான் என்று நொக்ஸ் எழுதுகின்றான். அரண்மனைக்குள் நடந்ததைக் கைதியொருவன் செவிவழியாகவே அறிந்திருத்தல் கூடும். ஆயினும் நாட்டார் அவ்வாறு நம்பத்தக்க அளவுக்கு மன்னன் மாறியிருந்தான் என்பது தெளிவு.

அதன்பின் அவன் நிலம்பையில் இருந்திலன். உயிர்காத்த மலையின் அடிவாரத்திலேயே, தியதிலக நுவரையில், அரண்மனையை அமைத்துக்கொண்டான். அவ்வரண்மனையின் அமைப்பை நோக்குங்கள். பல வாயில்கள், பல திருப்பங்கள், ஒன்றினுள் ஒன்றாய்ப் புகும் வழிகள். தன்னை எளிதில் எவரும் அணுகலாகாது என்று மன்னன் தானே திட்டமிட்டு அவற்றைச் செய்வித்தான் என்கின்றான் நொக்ஸ். மன்னனின் தேவி தமிழகக் கரையிலிருந்து வந்தவள். அவளைக் கண்டி நகரிலேயே விட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அவன் காணச் சென்றிலன் என்றும் குறிப்பிடுகின்றான். தூதராக வந்தோரின் நிலையும் இரங்கத்தக்கதே. ஒல்லாந்தத் தூதரான ஹென்றிக் டிராக் என்பார் விடைபெற இயலாது இந்நாட்டிலேயே இறந்தார். அவருடைய உடலைப் பேழையில் வைத்து மரியாதையோடு கொழும்புக்கு அனுப்பினான் மன்னன். உயிரோடு செல்லக் கிடையாத அனுமதி உடலுக்குக் கிடைத்தது! 1672 இற் பிரெஞ்சுத் தூதராக வந்த தெ லா நெரோல் என்பவர் காத்திருக்கப் பொறாமல் அவையினின்று திரும்பிச் சென்றமையால் விலங்கு பூண்டார்.

அரண்மனை இவ்வாறாயின், நாடு எவ்வாறிருந்தது? அதுவும் அவ்வரண்மனையின் விரிவே எனலாம். பாதைகள் பல, ஆனால் ஒருவர் பின் ஒருவராகவன்றிச் செல்லவொண்ணா ஒடுக்கமானவை. வழிகளை அகலப்படுத்துவதை மன்னன் விரும்பவில்லை. தன் நாடு பிறர்க்குச் சிக்கலாகவே இருத்தல் வேண்டும் என்பது அவன் கொள்கை. கணவாய்தோறும் முட்களாற் செய்த கதவங்களும் காவலரும் இருந்தனர். உரோமர் பாதை அமைத்துப் பேரரசைக் காத்தனர் என்று வரலாற்று நூல்களிற் படிக்கின்றோம். கண்டியரசர் பாதை அமையாமையாற் சிற்றரசைக் காத்தனர். இரண்டும் அரசியலே.

அக்கொள்கை நூற்றுமுப்பது ஆண்டுகள் கழித்தும் பயன்பட்டது. 1803 பெப்ரவரியில் ஆங்கிலேயர் சேனாதிபதி மக்டவல் கண்டிக்குட் புகுந்தபோது நகர் வெறுமையாய்க் கிடந்தது. நாயக்கர் குலத்து முத்துச்சாமியை அவர்கள் அரசனாக்கினர். ஆளுதற்குக் குடிகள்தாம் இல்லை. ஸ்ரீ விக்கிரம இராசசிங்கனோ ஹங்குராங்கெத்தவில் இருந்தான். மார்ச்சு மாதத்தில் இரு படைப்பிரிவுகள் அவனைப் பிடிக்க அனுப்பப்பட்டன. வளைந்து வளைந்து மலையேறிச் சென்ற அவை கண்டது வெறும் அரண்மனையே. அதற்குத் தீ வைத்துவிட்டுத் திரும்பின. சூன் மாதத்திற் கண்டியிலிருந்த ஆங்கிலக் காவற்படையும் சரணடைந்து அழிந்தது, முத்துச்சாமியும் மாண்டான். எஞ்சிய அரண்மனைக் கட்டடமும் 1818 கிளர்ச்சி அடக்கப்பட்ட காலத்துக்குப் பின் நிலைக்கவில்லை.

ஆகவே, அரண்மனையைக் காணும் ஆவலோடு ஹங்குராங்கெத்தவில் இறங்குவோர் ஏமாறுவர். ஆயினும், பொத்குல் விகாரைக்குச் சென்றால் அந்த ஏமாற்றம் நீங்கும். அரண்மனை அழிவிலிருந்து எடுக்கப்பெற்ற பொருள்கள் இவ்விகாரையை எழுப்பப் பயன்பட்டன என்பர். 'பொத்குல்' என்றாற் சுவடிச்சாலை. பெயருக்கேற்பப் பனையோலைச் சுவடிகள் இங்கு பேணப்பட்டு வருகின்றன. பலகை வைத்துக் கட்டிய அவ்வேடுகளைக் கண்டபோது, யாழ்ப்பாணத்திலும் தஞ்சையிலும் கண்ட நம் ஏட்டுக்கட்டுகளே எனக்கு நினைவுக்கு வந்தன. எழுத்து வேறு, ஓலையும் எழுத்தாணியும் கட்டும் முறையும் ஒன்றே. அண்மையிலேயே திருமாலுக்குரிய தேவாலயமும் உண்டு.

1815 இற் கண்டியிராச்சியம் வீழ்ந்தபின், மன்னர் எதனை அஞ்சினரோ அதனையே பிரித்தானியர் முதலிற் செய்தனர்: பாதை வெட்டினர். 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தின் துணையோடு மலைக்காடுகள் கோப்பித் தோட்டங்களாயின. யானையை முன்விட்டு மன்னன் வழி செய்துகொண்ட காடு அவ்வாறு கழிந்தது. 1852 இல், பதினாறு வயதுப் பையனாக ஸ்கொத்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெயிலர், ஹேவாஹெட்டையிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் நாற்பதாண்டுகள் வாழ்ந்தார். 1867 இல் அவர் பத்தொன்பது ஏக்கரிற் பயிரிட்ட தேயிலையே இலங்கையில் வணிக முறையில் எழுந்த முதற் தேயிலைத் தோட்டம். தொடக்கத்திற் கொழுந்தைத் தம் பங்களாத் திண்ணையில் மேசைமேற் கையாலேயே உருட்டுவித்து, மண்ணடுப்பில் உலர்த்தினார். 1869 இற் கோப்பி இலைநோய் வந்து அத்தோட்டங்களை அழித்தபோது, தேயிலை நாட்டைத் தாங்கிற்று.

இவை பலரும் எழுதுபவை. அந்தப் பத்தொன்பது ஏக்கரையும் கொத்தியவர் எவர்? கடல் கடந்து, காட்டுவழி நடந்து, கங்காணிமாரின் பின்னே வந்த தமிழகத்துக் குடியானவரே. 1892 மே 2 ஆம் நாள் டெயிலர் இறந்தபோது, இருபத்துநால்வர் இரு குழுக்களாகப் பிரிந்து மாறி மாறி அவர் உடலைக் கண்டி வரை தோளிற் சுமந்து சென்றனர் என்று எழுதியிருக்கின்றனர். மகியாவையில் உள்ள அவர் கல்லறையிற் பெயர் இருக்கின்றது. சுமந்தவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

எனினும், இம்மலையிற் பெயர் நிலைத்த தொழிலாளி ஒருவன் உளன். ஹேவாஹெட்டையைச் சேர்ந்த முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நிகழ்ந்தபோது, 1940 சனவரி 10 ஆம் நாள் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்னும் தொழிலாளி இறந்தான். மலையகத்துத் தொழிற்சங்க வரலாற்றில் முதற் பலியாக அவன் எண்ணப்படுகின்றான். அதன்பின் எட்டே ஆண்டுகளில், 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவனையொத்த பல இலட்சம் பேரை நாடற்றோராக்கிற்று. அரசனுக்கு அடைக்கலம் கொடுத்த மலை, அதனைத் திருத்திப் பயிராக்கியவர்களுக்குத் தன் ஊர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை மிகக் காலந்தாழ்த்தே கொடுத்தது. ஹேவாஹெட்டையின் வரலாற்றை அரண்மனையோடு முடித்துவிடுவோர் இப்பாதியைக் காணாமலே மீள்வர்.

லூல்கந்துரையில் டெயிலர் அமர்ந்து நோக்கியதாகச் சொல்லப்படும் கல்லிருக்கை ஒன்றுண்டு. காலை வேளையில் அங்கிருந்து பார்த்தால், மலைக்குப் பின் மலையாக நெடுந்தூரம் தெரியும். கொழுந்து கொய்யும் பெண்களின் பேச்சு கீழிருந்து கேட்கும், தமிழில். மதியத்துக்குள் திரும்பிவிடுதல் நன்று என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் கேளாமல் நின்றுவிட்டேன். நாங்கள் இறங்கத் தொடங்கியபோது மூடுபனி பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்து தேயிலையை மறைத்தது. பின் பாதையையும் மறைத்தது. வண்டியோட்டி விளக்கை ஏற்றி, நடை வேகத்திற் செலுத்தினார். அடுத்த வளைவு எப்பக்கம் திரும்புகின்றது என்று அருகிற் செல்லும் வரை எங்களுக்குத் தெரியவில்லை.