பெட்டியைப் பிரிக்கும் முன்: மரபுரிமையாக வந்த அட்டைகளும் அவற்றின் மதிப்பும்

பபிள்கம் பொட்டலத்தோடு வந்த கிரிக்கெட் அட்டைகளைச் சேர்த்த தலைமுறையினர் பலர் இன்று நம் பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்துகின்றனர். அந்த அட்டைகளுக்கு ஒரு நீண்ட முன்வரலாறு உண்டு. 1880-களில் அமெரிக்க சிகரெட் நிறுவனங்கள், மெல்லிய காகிதப் பொட்டலம் நசுங்காமல் இருக்க உள்ளே வைத்த தடித்த அட்டையில் படங்களை அச்சிடத் தொடங்கின. வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் இயங்கிய ஆலன் அண்ட் ஜின்டர் நிறுவனம் உலக நாடுகளின் கொடிகளையும் விளையாட்டு வீரர்களையும் அச்சிட்டது. டியூக் நிறுவனம், ஏழைச் சிறுவர்களாகப் பிறந்து செல்வந்தர்களானோரின் வரலாறுகளையே ஒரு வரிசையாக வெளியிட்டது. வரிசையை நிறைவு செய்யும் ஆசை அடுத்த பொட்டலத்தை வாங்க வைத்தது. தூக்கியெறியப்படுவதற்கென்றே பிறந்த இந்தக் காகிதத் துண்டுகளுள் சில, சேகரித்தவரின் காலத்துக்குப் பிறகும் எஞ்சி வாரிசுகளின் கைக்கு வருகின்றன. அப்போது எழும் கேள்வி வரலாற்று மாணவர்களுக்கு உரியது: இவற்றை எந்த ஒழுங்கில் வகைபிரிப்பது? எதை மதிப்பு என்பது?

அமெரிக்க வரலாற்றில் இக்கேள்விக்கு இரண்டு மாறுபட்ட விடைகள் கிடைக்கின்றன.

முதலாவது, ஒஹையோ மாநிலத்தின் டிஃபையன்ஸ் என்னும் சிற்றூரில் 2012-இல் நிகழ்ந்தது. இறைச்சிக் கடை நடத்திய ஒருவர் 1940-களில் இறந்தார். அவர் வீட்டில் தொடர்ந்து வாழ்ந்த மகளும் 2011-இல் மறைந்தார். வீடு உடன்பிறந்தோரின் பிள்ளைகள் 20 பேருக்கு உரித்தாயிற்று. மேல்மாடத்தை ஒழித்தபோது புகைக்கரி படிந்த அட்டைப்பெட்டி ஒன்று அகப்பட்டது. அதில் 1910-ஐ ஒட்டி அச்சான பேஸ்பால் அட்டைகள் ஏறத்தாழ 700 இருந்தன. பெரும்பாலானவை நூறாண்டுகளாக விரல் படாதவை போன்றிருந்தன. அக்காலத்தில் மிட்டாயோடு கொடுக்கப்பட்ட, 30 அட்டைகள் கொண்ட ஒரு வரிசையின் படிகள் அவை. கடைக்காரர் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சியவற்றை மாடத்தில் போட்டிருக்கலாம் என்று குடும்பத்தினர் கருதினர். தரமதிப்பீட்டு நிறுவனம் ஒன்று அவற்றை 10 புள்ளி அளவுகோலில் தரம் பிரித்து, நெகிழி உறைகளில் அடைத்து முத்திரையிட்டது. முதல் ஏலத்தில் 37 அட்டைகள் 5 லட்சத்து 66 ஆயிரம் டாலருக்கு மேல் விலைபோயின. எல்லாவற்றையும் ஒரே வேளையில் சந்தையில் இறக்கினால் விலை சரியும் என்பதால், மீதியைச் சில ஆண்டுகளில் சிறிது சிறிதாக விற்கத் திட்டமிட்டனர்.

இரண்டாவது விடை ஜெஃபர்சன் பர்டிக்குடையது. 1900-இல் பிறந்த இவர், நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் மின்கருவித் தொழிற்சாலை ஒன்றில் உதிரிப் பாகங்களைப் பொருத்தும் தொழிலாளி. முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோனவர்; மணம் செய்துகொள்ளாதவர். சிகரெட் அட்டை, மிட்டாய் அட்டை, அஞ்சலட்டை, விளம்பரச் சீட்டு என அவர் திரட்டியவை 3 லட்சத்துக்கும் மேல். பேஸ்பால் அட்டைகள் மட்டும் 30 ஆயிரத்தைத் தாண்டும். 1947 முதல் இவற்றை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்கு வழங்கத் தொடங்கினார். அச்சுப்படப் பிரிவின் காப்பாளர் ஹயட் மேயர் ஒரு நிபந்தனை விதித்தார்: வகைபிரிக்கும் பணியைக் கொடுப்பவரே செய்து முடிக்கவேண்டும். வளைந்த விரல்களோடு பர்டிக் ஒவ்வொரு அட்டையாக எடுத்துத் தொகுப்பேடுகளில் பசையிட்டு ஒட்டினார். 1963 ஜனவரி 10-இல் பணி முடிந்தது. மறுநாள் மருத்துவமனையில் சேர்ந்த அவர், மார்ச் 13-இல் இறந்தார்.

பசை என்றதும் இன்றைய சேகரிப்பாளர் அதிர்ந்துபோவார். ஒட்டப்பட்ட அட்டையின் சந்தை மதிப்பு அந்தக் கணமே பெரும்பகுதி கரைந்துவிடும். பர்டிக்குக்கு அது ஒரு பொருட்டாக இல்லை. விற்பனைக்கு வரமுடியாத வடிவில், வரிசைகள் சிதறாமல், பொதுமக்களைத் தம் வாரிசாக்கிவிட்டுச் சென்றார்.

இவ்விரண்டையும் பேராசை, தியாகம் என்று எதிரெதிரே நிறுத்துவது எளிது. அது சரியான வரலாறாகாது. சந்தையின் ஒழுங்குக்கே அடித்தளமிட்டவர் பர்டிக்தான். 1939-இல் அவர் வெளியிட்ட விலைப்பட்டியல், பின்னர் 'அமெரிக்கன் கார்டு கேட்டலாக்' என்னும் பெயரில் பல பதிப்புகள் கண்டது. அதில் அவர் வகுத்த எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடு இன்றும் வழக்கில் உள்ளது. 'என்' என்றால் 19-ஆம் நூற்றாண்டுப் புகையிலை அட்டை. 'டி' என்றால் 20-ஆம் நூற்றாண்டுப் புகையிலை அட்டை. 'இ' தொடக்கால மிட்டாய் அட்டை. 'ஆர்' பிற்கால மிட்டாய், கம் அட்டை. டிஃபையன்ஸ் அட்டைகள் ஏலத்தில் 'இ98' என்று அழைக்கப்பட்டன என்றால், அந்தப் பெயர் பர்டிக் இட்ட பெயர். அவர் அட்டைகளை வீரரின் புகழைக் கொண்டு பிரிக்கவில்லை. வெளியிட்ட தொழில், காலம், வரிசை ஆகியவற்றைக் கொண்டு பிரித்தார். அவருக்கு ஓர் அட்டை வணிக வரலாற்றின் சான்று.

'டி206' வரிசை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 1909 முதல் 1911 வரை இதனை வெளியிட்டது. புகையிலைத் தொழிலை ஏறக்குறைய முழுவதும் தன் பிடியில் வைத்திருந்த அந்த நிறுவனத்தை, 1911 மே மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கலைக்க உத்தரவிட்டது. அட்டையின் முன்பக்கத்தில் வீரரின் முகம். பின்பக்கத்தில் பீட்மான்ட், ஸ்வீட் கேப்பரல் போன்ற சிகரெட் பெயர்களோடு ஆலை எண்ணும் வரி மாவட்டமும். பல பெயர்களில் போட்டியிட்டதாகத் தோன்றிய சிகரெட்டுகள் ஒரே முதலாளியின் கையில் இருந்ததை அந்தப் பின்பக்கங்களை அடுக்கிப் பார்த்தாலே காணலாம். இங்கே பர்டிக்கின் முறையிலும் ஓர் இழப்பு உண்டு. அவர் பூசிய பசை பின்பக்கங்களை மறைத்தது. எந்த ஒழுங்கும் ஒன்றைக் காட்டும்போது மற்றொன்றை மூடுகிறது.

சந்தையின் ஒழுங்கு எதை மூடுகிறது? அதே வரிசையின் ஹோனஸ் வாக்னர் அட்டையைப் பாருங்கள். அச்சு பாதியில் நின்றதால் மிகச் சில படிகளே எஞ்சின. புகையிலை விளம்பரத்தில் தம் படம் வருவதை வாக்னர் விரும்பவில்லை என்போர் உண்டு. உரிய பணம் தரப்படவில்லை என்போரும் உண்டு. 1930-களிலேயே பர்டிக் இதற்கு 50 டாலர் என மதிப்பிட்டார். ஏனைய பெரும்பாலான அட்டைகள் சில சென்ட்டுகள்தாம். 2022-இல் ஒரு படி 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கைமாறியது. இந்த அட்டையின் மிகப் புகழ்பெற்ற படி, 1991-இல் ஏலத்தில் 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு விற்கப்பட்டு, பின்னர் 8 புள்ளி தரம் பெற்றது. அதன் ஓரங்களைத் தாமே சீவியதாக அதன் முன்னாள் உரிமையாளர் 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். முனை கூர்மையாக இருந்தால் விலை கூடும் என்ற அளவுகோல், சான்றையே வெட்டத் தூண்டியிருக்கிறது. ஆவணத்தைக் கையாளும் எவரும் நின்று யோசிக்கவேண்டிய இடம் இது.

விலைப்பட்டியல் ஒருபோதும் காட்டாத ஒன்றும் உண்டு. 'டி206' வரிசையின் 500-க்கும் மேற்பட்ட அட்டைகளில் கறுப்பின வீரர் ஒருவர்கூட இல்லை. 1880-களில் இறுகிய நிறத்தடை 1947-இல் ஜாக்கி ராபின்சன் களமிறங்கும்வரை நீடித்தது. இல்லாத அட்டைக்கு விலை இல்லை. வரிசையை முழுமையாக வைத்துப் பார்ப்பவருக்கு மட்டுமே அந்த வெற்றிடம் புலப்படும். தனித்தனியாக விற்றுவிட்டால் வெற்றிடமும் சிதறிப்போகும்.

டிஃபையன்ஸ் பெட்டிக்குத் திரும்புவோம். 'இ98' அட்டைகளில் வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் அச்சிடப்படவில்லை. அப்படியானால், ஓர் இறைச்சிக் கடைக்காரரின் மாடத்தில் ஒரே வரிசையின் படிகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து கிடந்தன என்பது அட்டைகளுக்குள் இல்லாத செய்தி. மிட்டாய் அட்டை எந்தக் கடைகள் வழியாக மக்களிடம் சென்றது என்பதற்கு அது ஒரு தடயம். சேகரிப்பாளர் ஒருவர் ஒரே அட்டையை 20 படிகள் வைத்திருக்கமாட்டார், விநியோகித்தவர் வைத்திருப்பார். ஆகவே சந்தை 'உபரி' என்று கணக்கிடும் இரட்டைப்படிகளே வரலாற்றாளருக்கு முதன்மைச் சான்று. தரமதிப்பீட்டு நிறுவனம் உறைகளின் மேல் இக்கண்டெடுப்பின் பெயரைப் பொறித்தது என்பதையும் சொல்லவேண்டும். அது விலையைக் கூட்டும் முத்திரைதான்; எனினும் சிதறிய அட்டைகளை ஒரு நாள் மீண்டும் இணைத்துப் பார்க்க ஒரு நூலிழை மிஞ்சியிருக்கிறது.

ஆவணவியலில் இதற்கு ஒரு பழைய விதி உண்டு. 1898-இல் டச்சு ஆவணக்காப்பாளர்கள் மூவர் வெளியிட்ட கையேடு, ஒரு தொகுதியை உருவாக்கியவரின் மூல ஒழுங்கைக் கலைக்கலாகாது என்று வற்புறுத்தியது. அலுவலகக் கோப்புகளுக்காக எழுதப்பட்ட அவ்விதி, பரணில் கிடக்கும் பெட்டிக்கும் பொருந்தும். விற்கவே கூடாது என்பதல்ல இதன் பொருள். 20 வாரிசுகளுக்கு ஒரு பெட்டியைப் பகிர வேறு வழி அரிது. அந்தப் பணம் அவர்களுக்கு உரியது. ஆனால் விற்பதற்கும் பார்ப்பதற்கும் இடையே ஒரு நாள் வேலை இருக்கிறது. கட்டுகளைப் பிரிக்கும் முன் இருந்த நிலையிலேயே புகைப்படம் எடுக்கவேண்டும். எந்தக் கட்டில் எவை, எத்தனை படிகள் என்று குறிக்கவேண்டும். இரு பக்கங்களையும் படமெடுக்கவேண்டும். சேர்த்தவர் யார், என்ன தொழில், எங்கே வாழ்ந்தார் என்பதை உயிரோடு இருக்கும் மூத்தவர்களிடம் கேட்டு எழுதவேண்டும். அதன் பிறகே விலை கேட்கவேண்டும்.

பர்டிக் ஒட்டிய அட்டைகள் பலவற்றின் படங்களை இன்று அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் இங்கிருந்தே கட்டணமின்றிப் பார்க்கலாம். விளம்பரம், இனம், தேசம், குழந்தைப் பருவம் குறித்து ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு அது வற்றாத மூலம். சில சென்ட் மதிப்புள்ள அட்டையும் லட்சங்கள் பெறும் அட்டையும் அங்கே ஒரே பக்கத்தில், ஒரே பசையில் ஒட்டியிருக்கின்றன. அவற்றை அருகருகே வைத்துப் படிக்க முடிவதற்குக் காரணம், பிரிக்கும்போது ஒருவர் விலையை இரண்டாம் கேள்வியாக வைத்துக்கொண்டதுதான்.