தூசியை நிறுத்த கதை

கண்ணுக்குத் தெரியாத ஒரே ஒரு தூசியை எடைபோட முடியுமா? நம் ஆய்வகத் தராசின் தட்டில் அது வந்து விழுந்தாலும் முள் அசையாது. தட்டே இல்லாத தராசு ஒன்று வேண்டும்.

அதற்கு வித்திட்டது நீங்கள் அறிந்த சோதனைதான். 1909 முதல் 1913 வரை சிகாகோவில் மில்லிகன், மின்னூட்டம் பெற்ற எண்ணெய்த் துளியை இரு உலோகத் தட்டுகளுக்கிடையே மிதக்கவிட்டார். துளியின் மின்னூட்டம் படிப்படியாகவே மாறுகிறது. மிகச் சிறிய படி ஓர் எலக்ட்ரான் என்று கண்டார். பாடப்புத்தகம் இத்துடன் நின்றுவிடுகிறது. (தேர்வுக்கு அது போதும் என்பது உண்மையே!)

காற்றில் மிதக்கும் துளியின் பரப்பில் ஓயாமல் மூலக்கூறுகள் மோதுகின்றன. பரப்பை ஆராய வேண்டுமானால் வெற்றிடம் தேவை. வெற்றிடத்திலோ, மாறாத மின்புலம் மட்டும் துகளை நிலையாகப் பிடித்து வைக்காது. ஒரு திசையில் அணைத்தால் வேறு திசையில் நழுவும். 1950-களில் ஜெர்மனியின் பான் நகரில் வுல்ஃப்காங் பவுல் இதற்கு வழி கண்டார். குதிரைச் சேணத்தின்மேல் கோலிக்குண்டை வையுங்கள், பக்கவாட்டில் உருண்டுவிடும். சேணத்தைத் தக்க வேகத்தில் சுழற்றினால், குண்டு விழுமுன் உயர்ந்த விளிம்பு வந்து தடுத்துவிடும். மாறுதிசை மின்னழுத்தம் செய்வதும் இதுவே. 1959-இல் அமெரிக்காவில் வுர்க்கர், ஷெல்டன், லாங்முயர் மூவரும் அலுமினியத் தூளை இத்தகைய பொறியில் அடைத்துக் காட்டினர். பவுலுக்கு 1989-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

பொறியில் அகப்பட்ட துகள் ஊசலாடுகிறது. அதன் அதிர்வெண், மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. விகிதம் மட்டும் தெரிந்தால் நிறை கிடைக்காதே! இங்கேதான் மில்லிகன் மீண்டும் வருகிறார். நேர்மின்னூட்டமுள்ள துகளிலிருந்து ஓர் எலக்ட்ரானை நீக்குங்கள். அதிர்வெண் 100-லிருந்து 101-க்குத் தாவினால், முதலில் இருந்தவை 100 மின்னூட்டங்கள். எண்ணிக்கை தெரிந்தது; நிறையும் தெரிந்துவிட்டது. 2001-இல் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகர அறிவியலார், 500 நானோமீட்டர் விட்டமுள்ள ஒற்றைச் சிலிக்கா மணியை இப்படி நிறுத்து வெளியிட்டனர். அம்மணியின் நிறை, ஒரு கிராமைப் பத்து லட்சம் கோடி பங்காக்கினால் ஏறத்தாழ ஒரு பங்கு!

இனி அந்தத் துகளின் பரப்பையே கவனிக்கலாம். வாயு மூலக்கூறுகள் ஒட்டினால் நிறை கூடி அதிர்வெண் குறையும். லேசர் ஒளியால் சூடாக்கி அவற்றை விரட்டினால் உயரும். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில், தனித்தனிக் கார்பன் துகள்களை ஆயிரம் டிகிரிக்கும் மேலாகச் சூடாக்கி, ஆக்சிஜன் அவற்றை அரிப்பதை அளந்தனர். ஒரே பொருளாலான துகள்கள் ஒரே வேகத்தில் தேயவில்லை! பரப்பிலுள்ள விளிம்புகளும் குறைகளும் துகளுக்குத் துகள் வேறு. கோடிக்கணக்கான துகள்களைச் சேர்த்து அளந்தபோது, இந்த வேறுபாடு சராசரிக்குள் மறைந்தே கிடந்தது.