கை கழுவிய கணக்கு

உங்களுக்கு ஒரு கணக்கு.

ஒரே ஆஸ்பத்திரி. அதில் இரண்டு பிரசவ வார்டுகள். முதல் வார்டில் நூறு பெண்கள் சேர்ந்தால் சுமார் பத்துப் பேர் பிரசவக் காய்ச்சல் கண்டு செத்துப் போகிறார்கள். இரண்டாவது வார்டில் மூன்று அல்லது நான்கு பேர்தான். இன்றைக்கு வருகிறவர்கள் இங்கே, நாளைக்கு வருகிறவர்கள் அங்கே என்று முறை வைத்துத்தான் சேர்க்கிறார்கள். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

இடம், வியன்னா பொது மருத்துவமனை. காலம், 1841 முதல் 1846 வரை.

முதல் வார்டு என்றால் எமன் வாசல் என்பது ஊருக்கே தெரியும். 'அங்கே மட்டும் சேர்க்காதீங்க' என்று மண்டியிட்டுக் கெஞ்சினார்கள் பெண்கள். சிலர் வழியிலேயே, தெருவிலேயே பெற்றுக்கொண்டு வந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், தெருவில் பெற்றவர்களுக்கு அந்தக் காய்ச்சல் குறைவு!

1846-ல் அங்கே உதவி மருத்துவராகச் சேர்ந்தார் இக்னாஸ் செம்மல்வெய்ஸ். ஹங்கேரிக்காரர். வயது 28. அந்தப் பத்துப் பேர் கணக்கு அவரைத் தூங்கவிடவில்லை.

நான் பி.காம். படித்தவன். ஐந்தொகை இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை என்றால் என்ன செய்வோம்? ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே வருவோம். செம்மல்வெய்ஸ் செய்ததும் அதேதான். கூட்ட நெரிசலா? இரண்டாவது வார்டில்தான் நெரிசல் அதிகம். பிரசவத்தின்போது படுக்கவைக்கும் விதமா? மாற்றிப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. மணியடித்துக்கொண்டு வரும் பாதிரியாரைப் பார்த்துப் பயந்து சாகிறார்களோ? மணியை நிறுத்தச் சொன்னார். சாவு நிற்கவில்லை.

மிச்சமிருந்தது ஒரே ஒரு வரி. இரண்டாவது வார்டில் பிரசவம் பார்த்தவர்கள், பயிற்சி மருத்துவச்சிகள். முதல் வார்டில், மருத்துவ மாணவர்கள். காலையில் பிணத்தை அறுத்துப் பார்த்துவிட்டு, அதே கையோடு பிரசவ வார்டுக்கு வருகிறவர்கள்.

1847 மார்ச்சில் அவருடைய நண்பர் கோலெட்ச்கா இறந்துபோனார். பிரேதப் பரிசோதனை செய்யும்போது மாணவரின் கத்தி விரலில் பட்டுவிட்டது. அவர் உடம்பில் தெரிந்த அறிகுறிகள், பிரசவக் காய்ச்சலில் செத்த பெண்களிடம் கண்ட அதே அறிகுறிகள். செம்மல்வெய்ஸுக்குப் பொறி தட்டியது. மே மாதம் உத்தரவு போட்டார்: பிண அறையிலிருந்து வருகிறவர்கள் குளோரின் கரைசலில், அதாவது நம்ம ஊர் பிளீச்சிங் பவுடர் மாதிரிச் சமாசாரத்தில், கை கழுவாமல் உள்ளே வரக்கூடாது.

ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த சாவு, ஜூனில் சுமார் 2 சதவீதம்!

இதோடு கதையை முடிப்பவர்கள்தான் அதிகம். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடந்தது. 1847 அக்டோபரில், சீழ் வடியும் கர்ப்பப்பைப் புற்றுநோயோடு ஒரு பெண் முதல் படுக்கைக்கு வந்தாள். டாக்டர்கள் அவளைத் தொட்டுவிட்டு, வரிசையாக அடுத்தவர்களைத் தொட்டார்கள். அந்தச் சமயத்தில் பிரசவித்த பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் காலி.

எல்லோரும் வாசலில் கை கழுவித்தான் உள்ளே வந்தார்கள். உத்தரவை மீறவில்லை. உத்தரவே அரைகுறை!

கணக்கெடுத்துக்கொண்டே இருந்ததால் அவருக்கு அது புரிந்தது. உடனே மாற்றினார். வாசலில் மட்டுமல்ல, ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவிலும் கழுவ வேண்டும். 1848-ல் முதல் வார்டின் சாவு 1.27 சதவீதம். இரண்டாவது வார்டில் 1.33. எமன் வாசல் மூடப்பட்டது.

பரிசு? 1849-ல் அவருடைய பதவியை நீட்டிக்காமல், வியன்னா அவரைக் கை கழுவிவிட்டது. அவர் பக்கமும் தப்பு உண்டு. முழுப் புத்தகமாக எழுதியது 1861-ல்தான். மறுத்தவர்களைக் கொலைகாரர்கள் என்று திட்டிக் கடிதம் எழுதினார். திட்டினால் யார் கழுவுவார்கள்? 1865-ல் மனநோய் விடுதியில் இறந்தபோது அவருக்கு வயது 47.

இப்போது 1994-க்கு வாருங்கள். சுவிட்சர்லாந்து, ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனை. கிருமி என்றால் என்ன என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கே தெரிந்த காலம். ஊழியர்கள் எல்லோரும் படித்துத் தேறியவர்கள். டிடியே பிட்டே என்ற டாக்டரின் குழு, ஆட்களை வார்டில் நிற்கவைத்து எண்ணச் சொன்னது. நூறு தடவை கை சுத்தம் செய்ய வேண்டிய இடத்தில் எத்தனை தடவை செய்கிறார்கள்?

நாற்பத்தெட்டு. நர்ஸ்கள் 52. டாக்டர்கள் 30!

பிட்டே செம்மல்வெய்ஸ் மாதிரித் திட்டவில்லை. ஏன் என்று கேட்டார். வேலை அதிகமாக ஆக, கழுவுவது குறைகிறது என்று தெரிந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ் ஒருத்தர் ஒரு மணி நேரத்தில் இருபது தடவைக்குமேல் கழுவ வேண்டும். குழாயடிக்குப் போய்வர ஒவ்வொரு முறையும் ஒரு நிமிஷத்துக்கு மேல். அப்புறம் நோயாளியை யார் பார்ப்பது? எனவே குழாயைக் கட்டிலுக்குக் கொண்டுவந்தார்கள். அதாவது, ஆல்கஹால் திரவ பாட்டில். சுவரில் போஸ்டர். எண்ணிய கணக்கை அந்தந்த வார்டுக்கே திருப்பிச் சொன்னார்கள். ஆள் பார்க்கும்போது மட்டும் கழுவினால்? அதற்காக எத்தனை லிட்டர் திரவம் செலவானது என்றும் பார்த்தார்கள். நான்கு மடங்குக்கு மேல் கூடியிருந்தது.

மூன்று வருஷத்தில் 48 என்பது 66 ஆனது. ஆஸ்பத்திரியில் தொற்றிக்கொள்ளும் நோய் 16.9 சதவீதத்திலிருந்து 9.9 ஆகக் குறைந்தது. 2000-ல் லான்செட் இதழில் இது வெளிவந்தது. நர்ஸ்கள் முன்னேறினார்கள். டாக்டர்கள் அவ்வளவாக இல்லை என்பதையும் மறைக்காமல் எழுதியிருந்தார்கள்.

உறவினர் ஒருவரைப் பார்க்க ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் சான்றிதழ்: எங்கள் ஊழியர்கள் அனைவரும் தொற்றுத் தடுப்புப் பயிற்சி பெற்றவர்கள். நர்ஸம்மாவிடம் கேட்டேன், "பயிற்சிக்கு அப்புறம் யாராவது வந்து எண்ணிப் பார்த்தாங்களாம்மா?"

"பரீட்சை வெச்சாங்க சார். எல்லாருமே பாஸ்" என்றார். அப்புறம் சிரித்தார். "நைட்டுல முப்பது பேருக்கு நான் ஒருத்தி சார். அதை யாரும் எண்ணலை."

எனக்குச் சட்டென்று அந்த முதல் படுக்கை ஞாபகம் வந்தது. அங்கேயும் எல்லோரும் பாஸ்தான்.